கருவில் உள்ள குழவியின் துன்பம் எவர் செய்த வினை?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மருமகளுக்கு வயது இருபத்திரண்டு, முதற்பேறு. அவள் பத்து மாதம் சுமந்து பெற்ற ஆண் குழவி, முதுகின் அடிப்புறத்தில் எலும்பு மூடாது புண்போலத் திறந்திருக்கப் பிறந்து, பதினொரு நாள் உயிர் தரித்துப் பின் மறைந்தது.

கூடியிருந்தோர் தாம் ஆறுதல் கூறுவதாகவே எண்ணிப் பேசினர். முதலில் பேசியவர் ஒரு மூதாட்டியார். “ஏழாம் மாதத்தில் கிரகணம் பிடித்த நாளன்று வெளியே வராதே என்று எத்தனை முறை சொன்னேன், கேளாமல் வாசலில் வந்து நின்றாள்” என்றார். அடுத்துப் பேசியவர், பௌர்ணமிதோறும் விகாரைக்குத் தவறாது வரும் நம் உபாசகர் ஒருவர். “யாரை நொந்து என்ன பயன், அம்மா? தாயும் சேயும் முற்பிறப்பில் செய்ததை அனுபவித்துத்தானே தீர்க்க வேண்டும்” என்றார். மூன்றாவதாகப் பேசியவன் கல்லூரியிற் படிக்கும் உறவினன். “காலத்தில் மாத்திரை சாப்பிட்டிருந்தால் இது வந்திராது. எல்லாம் கவனக்குறைவு” என்றான்.

இம்மூவரும் தனித்தனியே சந்தித்தால் ஒருவர் கருத்தை ஒருவர் ஒப்பமாட்டார்கள். ஒருவர் கோளை நம்புகிறார். ஒருவர் வினையை நம்புகிறார். ஒருவன் விஞ்ஞானத்தை நம்புகிறான். ஆயினும் அன்று மூவருடைய விரலும் ஒரே இடத்தைச் சுட்டின. சுவரோரம் பாயில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணையே சுட்டின. அவள் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. நான் விடைபெற்றுப் புறப்பட்டபோது மட்டும் வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, நீங்கள் நாலும் படித்தவர்கள். நான் என்ன குற்றம் செய்தேன் என்று சொல்லுங்கள்” என்றாள்.

அன்று என்னிடம் விடை இல்லை. குற்றம் இல்லை என்று வாயால் சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்று காட்டத் தெரியாதவன் சொல்லும் ஆறுதல் காற்றோடு போகும். ஆகவே வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டியும், அறிந்த மருத்துவரைக் கேட்டும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன். இவ்வினா அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளில் குறைமாதத்தில் பிறந்ததும், எடை குன்றிப் பிறந்ததும், பிறந்து மறைந்ததுமான ஒவ்வொரு குழவியின் தாயும் இதே வினாவை நெஞ்சில் அடக்கிக்கொண்டு வாழ்கிறாள்.

முதலில் கிரகணத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கிரகணமாவது ஒரு நிழல். மேலும், அக்குழவியின் முதுகெலும்பு மூடாது நின்றது கருவுற்ற முதல் மாதத்தில். கிரகணம் வந்தது ஏழாம் மாதத்தில். பின்னர் வந்த ஒன்று முன்னர் நேர்ந்த ஒன்றுக்குக் காரணமாகாது. மூதாட்டியார் அன்பினால் அஞ்சியவர். அவரைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவருடைய அச்சத்திற்கு ஆதாரம் இல்லை என்று அவருக்கு விளங்க எடுத்துரைப்பதே நம் கடமை.

இனி உபாசகர் கூறியதை ஆராய்வோம். இதை நாம் எளிதில் கடந்து செல்லுதல் ஆகாது. ஏனெனில் அவர் தம் சொல்லைப் பகவான் புத்தரின் சொல்லாகவே எண்ணிக் கூறினார்.

இராசகிருகத்து வேணுவனத்தில் பகவான் தங்கியிருந்தபோது, மோளிய சீவகர் என்னும் துறவி அவரை அணுகி வினவிய செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் யாவும் முன்செய்த வினையினாலேயே வருகின்றன என்று சில சமணரும் பிராமணரும் சொல்கின்றனர். இதற்குத் தங்கள் கருத்து யாது என்பது அவர் கேள்வி. பகவான் அக்கொள்கையை ஏற்கவில்லை. துன்பம் பித்தத்தாலும் வரும், கபத்தாலும் வரும், வாதத்தாலும் வரும், இம்மூன்றும் கூடிக் கலத்தலாலும் வரும், பருவ மாற்றத்தாலும் வரும், உடலைச் சீராகப் பேணாமையாலும் வரும், புறத்திலிருந்து நேரும் தாக்குதலாலும் வரும், வினைப்பயனாலும் வரும் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். எட்டில் ஒன்றே வினை. எஞ்சிய ஏழும் நாம் கண்ணாற் காணவும், கையால் மாற்றவும் கூடியவை. எல்லாம் முன்வினை என்று சொல்வோர், தாம் நேரே அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஒப்பியதையும் மீறிப் பேசுகின்றனர் என்பதே பகவான் தந்த தீர்ப்பு.

அங்குத்தர நிகாயத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். யாவும் முன்வினை என்று பற்றிக்கொண்டவனுக்கு, இதைச் செய்ய வேண்டும், இதைத் தவிர்க்க வேண்டும் என்னும் ஊக்கமே இல்லாமற் போகும் என்று காட்டுகிறார். அதே நிகாயத்தில், வினையின் பயன் இவ்வாறுதான் விளைகிறது என்று ஊகித்து அளக்கப் புகுதல் மாந்தர் சிந்தைக்கு எட்டாத நான்கனுள் ஒன்று என்றும், அதில் இறங்குவோர் மனக்கலக்கமே அடைவர் என்றும் எச்சரிக்கிறார். அவ்வாறாயின், அண்டை வீட்டுப் பெண்ணின் மடியிலிருந்து மறைந்த ஒரு குழவியைப் பார்த்து, இஃது இன்ன வினையின் பயன் என்று தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரம் அளித்தவர் யார்?

இங்கே ஒரு தடை எழும். நம் நூல்களிலேயே அத்தகைய கதைகள் உள்ளனவே என்று உபாசகர் கேட்கக்கூடும். உண்மைதான். கோலிய குலத்துச் சுப்பவாசை ஏழாண்டு கருவைச் சுமந்து, ஏழு நாள் பேற்றுத் துன்பத்தில் வருந்தினாள் என்று உதானம் கூறுகிறது. அதற்கு ஜாதகக் கதை ஒன்று, முற்பிறப்பில் ஒரு நகரை முற்றுகையிட்ட வினையைக் காரணமாகச் சொல்கிறது. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவள் துன்பம் பகவானுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் முதலில் செய்தது யாது? அவள் நலமாக இருக்கட்டும், நலமுள்ள மகவைப் பெறட்டும் என்று வாழ்த்தினார். அவள் பழவினையை எடுத்துரைத்துக்கொண்டு நின்றார் என்று உதானம் கூறவில்லை.

அங்குலிமாலரின் வரலாறும் இதையே காட்டுகிறது. சாவத்தி நகரத்தில் ஐயமேற்கச் சென்ற அங்குலிமாலர், குழவி பிறக்கத் தடைப்பட்டு வருந்தும் ஒரு பெண்ணைக் கண்டு மனம் உருகி, பகவானிடம் வந்து சொல்கிறார். அவளுடைய முன்வினை என்று பகவான் வாளா இருக்கவில்லை. மீண்டும் அவளிடம் செல்க, சத்தியம் உரைத்து அவளுக்கும் கருவுக்கும் நலம் வேண்டுக என்று அனுப்பினார். இன்றும் பௌத்த நாடுகளில் கருவுற்ற பெண்களுக்காக அங்குலிமால பரித்தம் ஓதப்படுகிறது. துன்பத்தைக் கண்டவன் அதை நோக்கி நடக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி கற்பிக்கும் அறம்.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் இதன் சமுதாயப் பக்கத்தைத் தெளிவாகக் கண்டவர். 1957-இல், அவர் மறைந்த பின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், ஒருவன் இன்று படும் துன்பத்திற்கெல்லாம் முற்பிறப்பின் வினையே காரணம் என்னும் கோட்பாடு, ஏழை எளியோரின் நிலைமைக்குரிய பொறுப்பிலிருந்து அரசையும் சமுதாயத்தையும் விடுவிக்கவே பயன்படும் என்று சுட்டிக்காட்டினார். தலைமுறை தலைமுறையாக அக்கோட்பாட்டின் பெயரால் மிதிக்கப்பட்ட நாம், அதையே நம் வீட்டுப் பெண்ணின் தலையில் சுமத்துவது எத்துணைப் பொருந்தாச் செயல்!

நிற்க. மூன்றாவதாகப் பேசிய இளைஞனுக்கு வருவோம். அவன் கூற்றே கடினமானது. ஏனெனில் அதில் பாதி உண்மை உள்ளது. தாயின் உடல்நிலை கருவைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. அஃது எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிந்தால்தான், அவன் எங்கே தவறினான் என்பது விளங்கும்.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரத்துப் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாகி வந்தனர். அதன் காரணத்தைக் கண்டறிய அவர் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்திலும், பின்னர் நீலகிரியின் குன்னூரிலும், சென்னை மருத்துவமனை ஒன்றிலும் பணியாற்றினார். தொற்றுக் கிருமி காரணமா என்று முதலில் ஆராய்ந்தார்; அதற்குச் சான்று கிட்டவில்லை. பின்னர் அப்பெண்களின் உணவை ஆராய்ந்தார். காய்கறியும் கனியும் புரதமும் மிகக் குறைந்த உணவு அது. எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதித்து, ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் மலிவான சாற்றில் இந்நோயைத் தீர்க்கும் ஒரு பொருள் இருப்பதை 1931-இல் உலகுக்கு அறிவித்தார். 1941-இல் அறிஞர்கள் அப்பொருளைப் பசலைக்கீரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று நாம் ஃபோலிக் அமிலம் என்று வழங்குவது அதுவே.

பம்பாய்த் தொழிலாளப் பெண்களின் வெளுத்த முகத்தில் தொடங்கிய அவ்வாராய்ச்சி, பல்லாண்டுகளுக்குப் பின் குழவியின் முதுகெலும்பு வரை சென்றது. கரு உருவான தொடக்கத்தில், பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் பகுதி ஒரு தகடுபோல் விரிந்திருக்கும்; பின் இருபுறமும் மடிந்து கூடி, குழாயாக மூடிக்கொள்ளும். கருத்தரித்த ஏறத்தாழ 28-ஆம் நாளுக்குள் இவ்வேலை முடிந்துவிடும். எங்கேனும் மூடாது நின்றால், அவ்விடத்தில் முதுகெலும்போ மண்டையோடோ முழுமை பெறாது. முன்னர் இத்தகைய குழவியைப் பெற்ற தாய்மாரைக் கொண்டு ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட ஒரு பெருஞ்சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முன்னிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு இக்குறை மீண்டும் நேர்வது நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்று அது மெய்ப்பித்தது.

இப்போது இளைஞனின் சொல்லை இந்த உண்மையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 28 நாள் என்பது, பெண் தன் மாதவிலக்குத் தள்ளிப்போயிற்றோ என்று ஐயுறும் காலம். தான் கருவுற்றிருப்பதை அவள் உறுதியாக அறிந்து, மாமியிடம் சொல்லி, கணவனோடு மருத்துவமனைக்குச் சென்று பதிவு செய்து மாத்திரை பெறுவதற்குள், நன்மையோ தீமையோ நடந்து முடிந்துவிடுகிறது. நான் துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டுப் பெண் மூன்றாம் மாதம் முதல் தனக்குக் கொடுத்த மாத்திரையை ஒருநாளும் விடாமல் உண்டவள். அவளுக்கு அதற்கு முன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னரே உண்டிருந்தாலும் எல்லாக் குழவிகளும் தப்பியிருக்கும் என்று உறுதி கூற இயலாது. அந்தச் சோதனையிலேயே மாத்திரை உண்டும் தப்பாதவை சில உண்டு. அறியாத ஒன்றை அவள் எங்ஙனம் புறக்கணித்திருக்க முடியும்?

எண்ணமே வினை என்பது பகவான் வகுத்த இலக்கணம். எண்ணமில்லாத இடத்தில் வினையில்லை. வினையில்லாத இடத்தில் குற்றமில்லை. தன் வயிற்றில் ஓர் உயிர் உண்டானதையே அறியாத நாட்களில் நேர்ந்த ஒன்று, அவளுடைய செயல் ஆகாது. அவள் உடல் வழியாக நேர்ந்தது, அவளால் செய்யப்படவில்லை. காரணம் வேறு, குற்றம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதே அவ்விளைஞன் செய்த பிழை.

வேறு நோய்களைக் கொண்டு நோக்கினும் இவ்வுண்மை மாறுவதில்லை. 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழவிகள் பலரைக் கண்டு வியப்புற்றார். அவர்களின் தாய்மார் சொன்னவற்றைச் செவிமடுத்துக் கேட்டதில், பலரும் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா என்னும் அம்மை நோய் கண்டவர்கள் என்று தெரியவந்தது. தாய்க்கு இரண்டொரு நாள் காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும் அந்நோய், முதல் மூன்று மாதத்துக் கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் சிதைக்க வல்லது. இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கருநாடகம் முதலிய இடங்களில் தொடங்கி அது சிறுவர் சிறுமியர்க்கு இயக்கமாகப் போடப்பட்டது. பத்து வயதில் ஊசி போடப்பெற்ற சிறுமி, பதினைந்தாண்டு கழித்துத் தான் பெறப்போகும் குழவியைக் காக்கிறாள். அவளுக்கு அதை அளிக்க வேண்டியவர்கள் நாம்.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். முன்பு அந்நோய் இல்லாதவளுக்கும் கருவுற்ற காலத்தில் அது தோன்றலாம். நஞ்சில் சுரக்கும் சில பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பது அதற்கு ஒரு காரணம். தாயின் இரத்தத்துச் சர்க்கரை நஞ்சைக் கடந்து குழவியை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே குழவி தானே மிகுதியாக இன்சுலின் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கும். பிறந்தவுடன் தாய்வழிச் சர்க்கரை நின்றுபோக, அதன் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேரும். பார்ப்பவர், கொழுகொழுவென்று பிறந்தது என்று மகிழ்கின்றனர். இரத்தச் சோதனை ஒன்றே இதைக் காட்டும். தாயின் ஒழுக்கம் காட்டாது.

எல்லாவற்றினும் நம் வீடுகளில் மலிந்தது இரத்தச்சோகை. கருவுற்ற காலத்தில் தாயின் இரத்த அளவு ஏறத்தாழ அரைப்பங்கு பெருகுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நஞ்சுக்குமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து மிகுதியாக வேண்டப்படுகிறது. அஃது இல்லாதபோது குழவி காலத்திற்கு முன் பிறத்தலும், இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்து பிறத்தலும், பேற்றின்போது குருதிப்பெருக்கைத் தாங்காது தாய் மாளுதலும் நேரக் கூடும். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். நாட்டில் பாதிப் பெண்கள் கவனக்குறைவானவர்கள் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? பாதிப் பெண்களுக்கு ஒரே குறை நேருமாயின், அக்குறை பெண்களிடத்தில் இல்லை. அவர்களை வைத்திருக்கும் ஏற்பாட்டில் உள்ளது.

அவ்வேற்பாட்டை ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்ப்போம். சேயின் எடை எதனால் குறைந்தது? தாயின் இரத்தம் வெளுத்ததனால். இரத்தம் ஏன் வெளுத்தது? அவள் தட்டில் கீரையும் பயறும் மீனும் முட்டையும் இல்லாமையால். ஏன் இல்லை? கணவனும் பிள்ளைகளும் மாமனாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதே அவள் பங்கு ஆதலால். சட்டி ஏன் சிறிது? கூலி சிறிது ஆதலால். பதினெட்டு நிறைந்ததும் மணம் முடித்து, உடல் தேறுமுன் கருவுறச் செய்ததும், ஒரு பேற்றிற்கும் மறு பேற்றிற்கும் இடைவெளி விடாததும் இதனோடு சேரும். சார்பிலே தோன்றுதல் என்று நாம் ஓதுகிறோமே, அதன் பொருள் இங்கே கண்கூடாக விளங்குகிறது. தாயின் உடலே கருவுக்கு உலகம். அத்தாயைச் சூழ்ந்தும் ஓர் உலகம் இருக்கிறது. அவ்வுலகமே அவள் வழியாகக் குழவியைச் சென்று அடைகிறது. அந்த உலகம் நாம்.

லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்த அதே 1928-ஆம் ஆண்டில், அதே நகரத்துச் சட்டசபையில், பெண் தொழிலாளர்க்கு மகப்பேற்றுக்கால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பேசினார். பேற்றிற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும், அவள் உழைப்பால் பயனடையும் முதலாளியும் பொறுப்பினின்று நீங்க முடியாது என்றும் அவர் வாதிட்டார். மறு ஆண்டு அச்சட்டம் நிறைவேறியது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவர் தாயின் இரத்தத்தில் குறைவது எது என்று தேடிக்கொண்டிருந்தார். சட்டசபையில் ஒருவர் தாயின் வாழ்வில் குறைவது எது என்று எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அவளைக் குற்றவாளியாக நிறுத்தாமல், அவளுக்கு எது கிடைக்கவில்லை என்று கேட்டதில் இருவரும் ஒத்திருந்தனர்.

சமுதாயம் பொறுப்பேற்றால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1998 முதல் அமெரிக்க நாட்டில் சத்தேற்றப்பட்ட மாவு வகைகளில் ஃபோலிக் அமிலம் கலத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் முதுகெலும்பு மூடாக் குறையும் அதன் இனத்தனவும் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அந்நாட்டுத் தாய்மார் அதற்கு முன்னர் ஒழுக்கம் கெட்டவர்களாக இருந்து அந்த ஆண்டில் திருந்தியவர்கள் அல்லர். அவர்கள் வழக்கம்போல் ரொட்டி உண்டனர். மாறியது ரொட்டி.

ஆயின், தாய்க்குப் பொறுப்பே இல்லையா என்று வினவலாம். உண்டு. குற்றம் என்பது பின்னோக்கிப் பார்ப்பது. கடமை என்பது முன்னோக்கிப் பார்ப்பது. அறிந்த பின், இயன்ற வரையில், செய்ய வேண்டியதைச் செய்தல் அவள் கடமை. கருவுற்ற பெண் கள்ளும் சாராயமும் அருந்தினால் அவை கருவின் மூளையைத் தாக்கும். வாயிலிட்டு மெல்லும் புகையிலை குழவியின் எடையைக் குறைக்கும். ஐந்தாம் சீலத்தை ஏற்ற இல்லத்தில் இவற்றிற்கு இடமில்லை. ஆனால் சீலம் மனைவிக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. குடித்துவிட்டு வந்து கருவுற்றவளை அடிக்கும் கணவன், கருவின் மீதே கை வைக்கிறான். பகவான் எண்ணிய எட்டுக் காரணங்களில், புறத்திலிருந்து நேரும் தாக்குதலும் ஒன்றென்பதை அவன் நினைவிற் கொள்வானாக.

மற்றொன்றும் சொல்லாமல் விடுதல் ஆகாது. குறை வாராமல் காத்தல் வேறு. குறையோடு வந்தவரை இகழ்தல் வேறு. முதுகெலும்புக் குறையோடு பிறந்து, அறுவை மருத்துவம் பெற்று வளர்ந்து, கற்று, வேலை செய்து வாழ்வோர் உலகில் பலர். கண்ணில்லாக் குழவியும் கேளாக் குழவியும் நம் சங்கத்தில் பிறக்குமாயின் அவை சங்கத்தின் செல்வங்கள். நோயைத் தடுக்க முயல்வது அவ்வுயிரின்மீது கொண்ட அன்பினால்தான். அதே அன்பு, தடுக்க இயலாது வந்த உயிரையும் அணைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டால், செய்ய வேண்டியவை தாமே விளங்கும். நம் விகாரைகளில் திருமணம் நடைபெறுகிறது; மணமக்கள் பஞ்சசீலம் ஏற்கின்றனர். அன்றே அவ்விருவருக்கும், குழவி வேண்டும் என்று கருதும் காலத்திற்கு ஒரு மாதமேனும் முன்பிருந்து ஃபோலிக் அமில மாத்திரை உண்ண வேண்டும் என்று ஒரு மூத்த சகோதரி எடுத்துரைத்தல் வேண்டும். விலை மிகக் குறைந்த மாத்திரை அது. கருவுற்றதை அறிந்ததும் காலந்தாழ்த்தாது பதிவு செய்தல், இரத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தல், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாள் விடாது உண்ணுதல் ஆகியவற்றை வீட்டார் அனைவரும் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். மாத்திரை வயிற்றைப் புரட்டினால் அதை ஒளித்து வைக்காமல் மருத்துவரிடம் சொல்லும் துணிவை அவளுக்கு அளிப்பது கணவனின் கடமை. கருவுற்றவள் முதலில் உண்ணட்டும். ஏனையோர் பின்னர் உண்ணலாம். இச்சிறு மாற்றத்திற்குச் சட்டம் வேண்டுவதில்லை.

சட்டம் வேண்டுவனவும் உண்டு. 2017-இல் மகப்பேற்று விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. எனினும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் நிலையான வேலையில் இருப்போரையே அது பெரும்பாலும் எட்டியது. வீட்டு வேலை செய்பவளும், கட்டட வேலையில் சித்தாளாக நிற்பவளும், துப்புரவுப் பணியில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவளும் பேற்றுவலி காணும் நாள்வரை உழைத்து, தீட்டுக் கழியுமுன் மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றனர். அவர்களிற் பலர் நம் சகோதரிகள். 1928-இல் எழுந்த குரல் அவர்களுக்காக இன்னும் எழ வேண்டியிருக்கிறது.

தாய் ஒன்பது மாதமோ பத்து மாதமோ பெருங்கவலையோடு கருவைச் சுமக்கிறாள் என்று மச்சிம நிகாயத்தில் பகவான் கூறுகிறார். அவள் சுமப்பது பாரம் மட்டுமன்று, கவலையும் என்பதை அறிந்து உரைத்த பெருமான் அவர். அக்கவலையின் மேல் பழியையும் ஏற்றி வைப்பவர் அவர் வழியில் நடப்பவர் ஆவரோ?

அடுத்த பௌர்ணமியன்று அந்த உபாசகரையும் உடனழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்கு மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறேன். அவள் கணவனும் மாமியும் அந்த மூதாட்டியாரும் கல்லூரி இளைஞனும் கேட்க, அவளிடம் இவ்வாறு சொல்வேன்: “அம்மா, நீ குற்றம் ஒன்றும் செய்யவில்லை. நீ அறியும் முன்னரே அது நடந்துவிட்டது. உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள், சொல்லத் தவறினோம். மறுமுறை குழவி வேண்டும் என்று நினைக்கும்போது, கருவுறும் முன்னரே மருத்துவரிடம் செல். முன்பு இவ்வாறு நேர்ந்தவளுக்கு ஃபோலிக் அமிலம் மற்றவர்களைவிட மிகுந்த அளவில் வேண்டும்; அவ்வளவை அவரே குறித்துத் தருவார். உன் கணவனும் உடன் வரட்டும்.”

உபாசகர் உடன்வர இசைந்திருக்கிறார்.